கரையாமல் நின்ற மருந்து

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'அளவுக்காரி' என்று பெயர் விழுந்து பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். மருந்துக்கூடத்தின் பின்னறையில், ஒற்றை ஜன்னலை ஒட்டிய கல்மேடையில் நின்று நீர்மருந்து கலப்பது அவள் வேலை. சில மருந்துகள் மாத்திரையாக மட்டும்தான் கிடைக்கும். நான்கு வயதுக் குழந்தையை மாத்திரை விழுங்கச் சொன்னால் அது துப்பும். அதனால் அதே மருந்தைப் பொடியாக வாங்கி, கரைத்து, இனிப்புச் சேர்த்து, கரண்டியில் ஊற்றிக் கொடுக்கிற பக்குவத்துக்குக் கொண்டுவருவாள்.

தராசு முள் நடுக்கோட்டில் அசையாமல் நிற்கிறவரை மூச்சுவிட மாட்டாள். வீட்டிலும் அப்படியே. குழம்புக்கு உப்புப் போடக்கூட ஒரு கரண்டி வைத்திருந்தாள். அதன் விளிம்பைக் கத்தி முதுகால் வழித்துவிட்டுத்தான் போடுவாள். "உங்க அப்பா கல்யாணத்தப்பவே ஒரு தராசையும் சேர்த்து அனுப்பிச்சிருக்கலாம்" என்பார் அவள் புருஷன். பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிற மனிதர். உப்பு ஒரு நாளும் கூடியதில்லை, குறைந்ததுமில்லை என்பதை அவரும் ஒத்துக்கொள்வார்.

அப்பா அவளுக்குத் தராசு கொடுக்கவில்லை. ஆனால் இந்தத் தொழிலுக்கான முதல் பாடம் அவர் கையில்தான் இருந்தது. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர் அவர். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது விரல் இடுக்கெல்லாம் சிவப்பும் நீலமும் காய்ந்து கிடக்கும். ஒரு நாள் குழாயடியில் வைத்து அவர் கையைத் தேய் தேயென்று தேய்த்தாள். தண்ணீர்தான் செலவானது. அப்பா சிரித்துக்கொண்டே ஒரு துணியில் டர்ப்பன்டைனை நனைத்துத் துடைத்தார். வண்ணம் அப்படியே வழுக்கிக்கொண்டு போயிற்று. "தண்ணிக்கு இதைப் பிடிக்காது. இதுக்குத் தண்ணியைப் பிடிக்காது. அவ்வளவுதான் விஷயம்" என்றார். ஏன் பிடிக்காது என்று அவள் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தக் கேள்விதான் அவளை மருந்தாளர் படிப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

வேலைக்குப் புதிதாக வரும் நர்சுகளுக்கு அவள் சொல்கிற கணக்கு ஒன்று உண்டு. தண்ணீரின் துகள்கள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கின்றன. அந்தப் பிடி லேசுப்பட்டதல்ல. உள்ளே நுழைய வருகிறவனுக்கும் கோத்துக்கொள்ளக் கை இருந்தால்தான் இடம் விடும். சர்க்கரைக்கு உடம்பெல்லாம் கை; போட்டதும் தண்ணீரோடு கலந்துவிடும். எண்ணெய்க்குக் கையே கிடையாது; மேலே ஒதுங்கி நிற்கும். வலிப்புக்குக் கொடுக்கிற அந்த வெள்ளைப் பொடி இரண்டுங்கெட்டான். ஒன்றிரண்டு கை இருக்கிறது, மீதி உடம்பு எண்ணெய்ச் சாதி. வெறும் தண்ணீரில் போட்டால் காலே அரைக்கால் கரையும், மிச்சம் அப்படியே கிடக்கும். அங்கேதான் ஸ்பிரிட் என்கிற மருந்துச் சாராயம் வருகிறது. ஸ்பிரிட்டுக்கு ஒரு பக்கம் கை, மறுபக்கம் எண்ணெய்க்கு ஒத்துப்போகிற வால். "கல்யாணத் தரகர் மாதிரி. ரெண்டு வீட்டுக்கும் சொந்தக்காரர்" என்பாள். நர்சுகள் சிரிப்பார்கள். தரகர் பாதி வழியில் எழுந்து போய்விட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்பிரிட் கேனைச் சாய்த்துப் பார்த்தபோது, தேவையானதில் பாதிதான் இருந்தது. புதுக் கேனுக்கான அனுமதிச் சீட்டு மேலதிகாரியின் கையெழுத்துக்குப் போயிருந்தது. வர இரண்டு மூன்று நாளாகும். ஸ்பிரிட் இல்லாவிட்டால் அந்த மருந்தைக் கலக்கக் கூடாது என்பது விதி. சுவரிலேயே ஒட்டியிருந்தது. எழுதி ஒட்டியவளும் அவள்தான்.

ஜன்னலுக்கு வெளியே அந்தப் பெண் நின்றிருந்தாள். ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். புருஷனுக்குக் கப்பல் வேலை; வருடத்தில் ஒன்பது மாதம் கடலில். நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று. அந்தக் குழந்தைக்கு வலிப்பு வந்து எட்டு மாதமாக இந்த மருந்தில்தான் அடங்கியிருந்தது.

"அக்கா, மருந்து நேத்தே தீந்துபோச்சு. இன்னிக்குக் காலையில குடுக்கல. பாப்பாவுக்கு ஏதும் ஆயிடுமாக்கா?"

"ஸ்பிரிட் தீந்துடுச்சும்மா. வியாழக்கிழமை வர முடியுமா?"

"ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். அரை நாள் லீவு கேட்டதுக்கே கடையில மூஞ்சியைத் தூக்கிட்டாங்க. திரும்பவும் லீவுன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. அதுவரைக்கும் மருந்து இல்லாம எப்படிக்கா?"

அதுவும் நியாயம்தான். இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்துவது பெரிய ஆபத்து. பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்த்திருக்கலாம். குழந்தையைப் பார்க்கிற டாக்டரம்மாவிடம் போய் மாத்திரையை நுணுக்கிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கலாம். இந்த இரண்டும் அவளுக்குத் தோன்றியது ரொம்பப் பின்னால். ஒவ்வொரு நாளும் தோன்றியது. அந்த நிமிடத்தில் தோன்றியது வேறு. இத்தனை வருடக் கைக்கு ஒரு பாதி அளவு ஸ்பிரிட்டை வைத்துச் சமாளிக்கத் தெரியாதா?

"உக்காரு. பத்து நிமிஷம்" என்றாள்.

இருந்த ஸ்பிரிட்டில் பொடியைப் போட்டு, மீதிக்குச் சர்க்கரைப் பாகை ஊற்றி, சீசாவை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி வைத்துக் கலக்கினாள். சூடு ஏறும்போது துகள்களின் பிடி தளரும். யார் யாருக்கோ இடம் கிடைக்கும். பொடி முழுக்க மறைந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. மேஜை இழுப்பறையில் 'நன்றாகக் குலுக்கிக் கொடுக்கவும்' என்ற சிவப்புச் சீட்டுகள் ஒரு கட்டு இருந்தன. கை அதன்மேல் போயிற்று. வழக்கமாகச் சீட்டு ஒட்டாத மருந்துக்கு இன்றைக்கு மட்டும் எதற்கு என்று தலைமை மருந்தாளர் கேட்டால் ஸ்பிரிட் கதையைச் சொல்ல வேண்டிவரும். இழுப்பறையை மூடிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை புதுக் கேன் வந்து இறங்கியது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு வேறு சீசா கொடுத்திருக்கலாம். சலவைக்கடையின் பெயர் சீட்டிலேயே இருந்தது. அன்று கூட்டம் அதிகம். அப்புறம் மறந்தே போயிற்று.

ஆறாம் நாள் குழந்தைக்கு வலிப்பு வந்தது. எட்டு மாதம் கழித்து முதல் தடவை. மருந்தை விடாமல் கொடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். பதின்மூன்றாம் நாள் காலை, சீசாவில் கடைசி இரண்டு மூன்று வேளைதான் மிச்சம். அடியில் தங்கியது வீணாகக் கூடாதே என்று தாய் நன்றாகக் குலுக்கி, கரண்டியின் கோடு வரை அளந்து ஊற்றிக் கொடுத்தாள். குழந்தை தூங்கிற்று. மதியச் சாப்பாட்டுக்கு எழுப்பினால் எழவில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்தாலும் கண் திறக்கவில்லை. மூச்சு எண்ணி எண்ணி வந்தது.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். ரத்தத்தைப் பரிசோதித்ததில் மருந்து எக்கச்சக்கமாக இருந்தது. அந்த வார்டு நிறைய ஆட்கள் நிற்கும்போதே டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா, இது என்ன சர்பத்தா, இஷ்டத்துக்கு ஊத்திக் குடுக்கறதுக்கு? வலிப்பு வந்துடுச்சேன்னு பயந்து ரெண்டு பங்கா குடுத்தீங்களா?"

"இல்ல டாக்டரம்மா. கோட்டுக்கு மேல ஒரு சொட்டுகூட..."

"பின்ன எப்படி? மருந்து தானா பெருகுமா?"

தாய்க்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரிந்தவள் இரண்டு சுவர் தள்ளி, பின்னறையில் இருமல் மருந்துக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

சற்று நேரத்தில் வார்டு நர்ஸ் அந்தச் சீசாவைக் கொண்டுவந்து கல்மேடையில் வைத்தாள். "அளவு சரியான்னு பாத்து ஒரு வரி எழுதித் தரச் சொன்னாங்கக்கா. குழந்தை பாவம், கண்ணே திறக்கல. அம்மாக்காரி ரெண்டு மடங்கா ஊத்திட்டாளாம்."

நர்ஸ் போனபிறகு அளவுக்காரி சீசாவை வெளிச்சத்தில் சாய்த்தாள். அடியில், கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, முடியைவிட மெல்லிய வெள்ளை ஊசிகள் கத்தை கத்தையாக நின்றன. பார்த்த மாத்திரத்தில் நடந்தது முழுக்க அவளுக்கு விளங்கிவிட்டது. சூடு ஆறியதும் மருந்துக்கு நிற்க இடமில்லை. ஸ்பிரிட் போதாது, தண்ணீரின் கைகளையெல்லாம் சர்க்கரை பிடித்துக்கொண்டது. ஒண்ட இடமில்லாதவை தம் சாதியைத் தேடி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டு அடியில் போய்ச் சேர்ந்தன. மேலே இருந்த பாதிச் சீசாவில் மருந்து போதவில்லை, வலிப்பு வந்தது. கீழே இருந்ததில் நாலு நாள் மருந்து ஒரே கரண்டியில் போயிற்று.

கதவைப் பார்த்தாள். யாரும் இல்லை. புதுக் கேனிலிருந்து இரண்டு கரண்டி ஸ்பிரிட்டை எடுத்துச் சீசாவில் ஊற்றிக் குலுக்கினாள். பத்து எண்ணுவதற்குள் ஊசிகள் காணாமல் போயின. தொட்டியில் கவிழ்த்து, குழாயைத் திறந்துவிட்டாள். சீட்டை எடுத்து எழுதினாள்: 'கலவை அளவு சரி. சீசாவில் வண்டல் இல்லை.' இரண்டாவது வாக்கியம் எழுதிய நிமிடத்தில் உண்மைதான். அந்த உண்மை அவள் கையால் உண்டானது.

குழந்தை பிழைத்துக்கொண்டது. மூன்றாம் நாள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டது. செய்தி கேட்டபோது அளவுக்காரி ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிழைத்துவிட்டதே, இனி என்ன என்று அன்று சாயங்காலம் தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். கொஞ்ச நாள் குறுகுறுத்துவிட்டு அடங்கிவிடும் என்று அவள் நினைத்தாள்.

அடங்க விடவில்லை அடுத்த மாதம். மருந்து வாங்க ஜன்னலில் வந்து நின்றவள் தாய் இல்லை. ஐம்பதை ஒட்டிய ஒரு பெண்மணி. கப்பல்காரரின் அக்கா, அதாவது தாய்க்கு நாத்தனார்.

"இனிமே நான்தான் வருவேன். பாப்பாவை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். தம்பிகிட்ட போன்ல பேசியாச்சு, அவனும் சரின்னுட்டான். ஒரு கரண்டி மருந்து ஒழுங்கா ஊத்தத் தெரியாதவகிட்ட பிள்ளையை எப்படி விடறது? நீங்களே சொல்லுங்க."

அளவுக்காரி உண்மையைச் சொல்ல வாய் திறந்தாள். "ரெண்டு வேளை, அஞ்சு அஞ்சு மில்லி" என்பதுதான் வெளியே வந்தது. இப்போது மருந்து சரியாக இருந்தது, ஸ்பிரிட் நிறைய இருந்தது, குழந்தைக்கு வலிப்பே வரவில்லை. அதுவும் தாயின் தலையில்தான் விடிந்தது. "பாத்தீங்களா, என் கைக்கு வந்ததும் எல்லாம் நின்னுபோச்சு" என்று நாத்தனார் ஒவ்வொரு தடவையும் சொன்னாள். தீங்கு நினைக்கிற பெண் இல்லை. கண்ணால் கண்டதைத்தான் சொன்னாள்.

தாய் வராமல் இல்லை. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை குழந்தையைப் பரிசோதனைக்குக் கூட்டி வரும் நாளில், ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். நாத்தனார் சீட்டு வாங்க வரிசையில் நிற்கிற அரை மணி நேரம் குழந்தை அவள் மடியில் இருக்கும். பின்னறைக் கதவு வழியாக அளவுக்காரிக்கு அந்தப் பெஞ்சு நேராகத் தெரியும். கதவைச் சாத்தி வைத்துப் பார்த்தாள். அறை புழுங்கியது. சாத்தினாலும் பெஞ்சு தெரிந்தது.

ஏதாவது செய்து ஈடுகட்டப் பார்த்தாள். நாத்தனாரிடம், "அந்தப் பொண்ணு ரொம்பப் பொறுப்பானவங்க. எட்டு மாசமா தேதி தவறினதே இல்ல" என்று சிபாரிசு செய்தாள். "தேதி தவறல. அளவு தவறிடுச்சே" என்றாள் நாத்தனார்.  வீட்டில் குழம்பில் உப்பு கரிக்க ஆரம்பித்தது. புருஷன் முதல் நாள் சிரித்தார். மூன்றாம் நாள், "உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டார். "இல்லைங்க, தூக்கக் கலக்கம்" என்றாள்.

ஐந்தாவது மாதம் ஒரு நாள், நாத்தனாரும் குழந்தையும் போனபிறகு, தாய் ஜன்னலண்டை வந்தாள். பைக்குள்ளிருந்து ஒரு மருந்துக் கரண்டியையும் தண்ணீர் சீசா ஒன்றையும் எடுத்தாள்.

"அக்கா, ஒரு உதவி. நான் ஊத்திக் காட்டறேன், சரியா இருக்கான்னு பாத்துச் சொல்றீங்களா? வீட்டுல தினமும் தண்ணியை வச்சுப் பழகறேன். நீங்கதான் அளவுல கெட்டிக்காரங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க சரின்னு சொன்னா அண்ணிகிட்ட சொல்லிப் பாப்பேன்."

தாய் ஊற்றியதை அளவுக்காரி கண்ணாடிக் குழாயை எடுத்துவந்து அளந்தாள். ஐந்து மில்லி. தாய் மறுபடி ஊற்றினாள், ஐந்து. பத்துத் தடவை ஊற்றினாள். பத்துத் தடவையும் கோட்டின்மேல் உட்கார்ந்த மாதிரி ஐந்து. நாள் முழுக்கச் சட்டைக் கழுத்துகளை மடிப்புப் பிசகாமல் இஸ்திரி போடுகிற கை அது. 

"சரியாத்தான் இருக்கும்மா."

தாய் கரண்டியைத் துடைத்தபடி கேட்டாள். "அப்ப அன்னிக்கு மட்டும் எப்படிக்கா தப்பா ஊத்தினேன்? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். ஒண்ணும் ஞாபகம் வரல. எனக்கே தெரியாம கை தவறிடுச்சுன்னா, நாளைக்கும் தவறும்தானே? அதனால சில சமயம் அண்ணிகிட்ட இருக்கறதே நல்லதுன்னு தோணுது."

அளவுக்காரி பின்னறைக்குள் போய்க் குழாயைத் திறந்து, வெறுமனே ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்தபோது ஜன்னல் காலியாக இருந்தது.

அப்போதும் உடனே வாய் திறக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மனசு தப்பிக்க ஒரு சந்து தேடிற்று. சீசாவில் பார்த்தது மருந்துதான் என்று என்ன நிச்சயம்? சர்க்கரைப் பாகு இறுகிக் கற்கண்டு கட்டியிருக்கக் கூடாதா? இந்தச் சந்துக்குள் தலையை நுழைத்து, மறுநாள் அதே கலவையைப் போட்டாள்: பாதி ஸ்பிரிட், மீதி பாகு, வெந்நீர்ச் சூடு. சீசாவை அலமாரியின் மேல் தட்டில் வைத்தாள். முதல் நாள் தெளிவு. இரண்டாம் நாளும் தெளிவு. அன்று அவள் நடையில்கூட ஒரு லேசு வந்திருந்தது. மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்ததும் பார்த்தாள். அடியில் வெள்ளை ஊசிகள்.

ஒரு கம்பியால் கொஞ்சம் வழித்தெடுத்து இரண்டு கண்ணாடிக் குழாயில் போட்டாள். ஒன்றில் தண்ணீர் விட்டாள். கற்கண்டாக இருந்தால் கலக்கக் கலக்கக் கரைந்திருக்கும். ஊசிகள் அசைந்து, சுழன்று, மறுபடி அடியில் போய் உட்கார்ந்தன. மற்றதில் ஸ்பிரிட் இரண்டு சொட்டு. கண்ணெதிரே மறைந்தன. தொழிலில் சேர்ந்த முதல் மாதமே படித்த சோதனை. விடையும் அப்போதே தெரிந்ததுதான்.

அன்று சாயங்காலம் புருஷனிடம் முழுவதையும் சொன்னாள். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"குழந்தை நல்லா இருக்குல்ல? அப்புறம் என்ன? நீ வேணும்னே செய்யலையே."

"கலந்தது வேணும்னு இல்ல. கழுவினது வேணும்னுதானேங்க."

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். பிறகு, "வேலை போயிடும்" என்றார்.

"போகட்டும்."

"நம்ம பொண்ணு காலேஜ்ல போய் நிக்கறப்ப நாலு பேரு கேப்பாங்க."

"கேப்பாங்க."

"நான் கூட வரட்டுமா?"

"வேணாம். உப்பைத் தின்னது நான். தண்ணியும் நான்தான் குடிக்கணும்."

மறுநாள் காலை, ஊசி நின்ற சீசாவைக் கையில் எடுத்துக்கொண்டு தலைமை மருந்தாளரின் அறைக்குப் போனாள். அவர் டாக்டரம்மாவையும் கூப்பிட்டு அனுப்பினார். அவள் உட்காராமல், ஆரம்பத்திலிருந்து சொன்னாள். ஸ்பிரிட், சிவப்புச் சீட்டு, வெள்ளிக்கிழமை, தொட்டி, தான் எழுதிய வரி. ஒன்றையும் விடவில்லை. தலைமை மருந்தாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "பதினெட்டு வருஷம்..." என்றார். டாக்டரம்மாவின் முகம் வெளுத்திருந்தது. "வார்டுல எல்லார் முன்னாலயும் அந்தப் பொண்ணைக் கிழிச்சுத் தொங்கவிட்டேனே. சீசாவை நான் ஒரு தடவை வாங்கிப் பாத்திருக்கலாம்" என்றார். "நீங்க என்னைத்தான் கேட்டீங்க டாக்டரம்மா. நம்பித்தான் கேட்டீங்க" என்றாள் அளவுக்காரி.

அன்று மதியமே தாயையும் நாத்தனாரையும் வரவழைத்தார்கள். டாக்டரம்மா முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு அளவுக்காரி சீசாவைக் காட்டி, மருந்து எப்படி அடியில் போய்த் தங்கியது என்று விளக்கினாள். அவள் வழக்கமாகச் சொல்கிற தரகர் கதையைச் சொல்லவில்லை. "உங்க கை தவறல. ஒரு நாளும் தவறல. நான் கொடுத்த மருந்துதான் தப்பு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, நான் இவளை என்னவெல்லாம் பேசிட்டேன். ஊருக்கெல்லாம் சொன்னேனே."

தாய் சீசாவை வாங்கி, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். முதலில் அவள் முகத்தில் வந்தது கோபமில்லை. ஏதோ பெரிய பாரம் இறங்கிய மாதிரி ஒரு நீண்ட மூச்சு. "அப்ப நான் இல்ல" என்றாள் தனக்குத்தானே. அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

"உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே."

"அன்னிக்கேன்னா? பாப்பா வார்டுல படுத்திருந்தப்பவா?"

"ஆமா."

"போன வாரம் நான் கரண்டியோட வந்து ஊத்திக் காட்டினப்பவும் தெரியும்."

"தெரியும்மா."

தாய் சீசாவை மேஜைமேல் வைத்தாள். குரல் உயரவில்லை. "மருந்து கெட்டுப்போனது உங்களுக்குத் தெரியாம நடந்தது. அதை நான் மன்னிச்சுடுவேன், எனக்காகத்தான் இரக்கப்பட்டுக் கலந்தீங்க. ஆனா இந்த அஞ்சு மாசம்? நான் என் கையையே பாத்துப் பாத்துப் பயந்துட்டிருந்தேன். சொந்தப் பிள்ளையைத் தொடவே பயந்தேன். அதை நீங்க கதவு வழியா பாத்துட்டே இருந்தீங்க. அதுக்கு நான் என்ன சொல்லணும், நீங்களே சொல்லுங்க."

அளவுக்காரிக்குக் காலில் விழ வேண்டும் போலிருந்தது. விழுந்தால் தாய் தூக்கிவிட வேண்டியிருக்கும். அதுவும் அவளுக்கு ஒரு வேலைதான். அதனால் நின்றாள். "ஒண்ணும் சொல்ல வேணாம்மா" என்றாள்.

குழந்தை அன்று சாயங்காலமே தாயிடம் திரும்பியது. நாத்தனாரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து விட்டாள். டாக்டரம்மா கப்பலுக்குக் கடிதம் எழுதினார். ஆனால் எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. குழந்தை கொஞ்ச காலம் அத்தை கையால்தான் மருந்து குடிப்பேன் என்று அடம்பிடித்தது. தாயும், எவ்வளவு தெரிந்தும், ஒவ்வொரு வேளையும் ஊற்றி, மறுபடி சீசாவில் கொட்டி, மறுபடி ஊற்றிப் பார்த்துத்தான் கொடுத்தாளாம். இதெல்லாம் அளவுக்காரிக்கு நர்சுகள் மூலம் வந்து சேர்ந்த செய்தி. ஒவ்வொன்றும் வந்து சேர வேண்டிய இடத்தில் வந்து தைத்தது.

விசாரணை நடந்தது. மூன்று மாதம் வேலைக்கு வரக்கூடாது என்றார்கள். அதற்குப் பிறகு மருந்து கலக்கும் வேலை கிடையாது, கிடங்கில் பஞ்சும் கட்டுத்துணியும் அடுக்குகிற வேலை என்றார்கள். மேல்முறையீடு செய்யலாம் என்று சங்கத்துக்காரர் சொன்னார். அவள் செய்யவில்லை. கிடங்கு கீழ்த்தளத்தில் இருந்தது. அங்கே அளக்க ஒன்றுமில்லை, பெட்டியை எண்ணிக் கொடுத்தால் போதும். பின்னறையில் அவள் இடத்துக்கு வந்தவள், கலக்கிற ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு சீசாவைத் தனியாக எடுத்து ஒரு வாரம் அலமாரியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று புது விதி போட்டார்கள். அதை எழுதித் தரச் சொல்லி அவளிடமே கேட்டார்கள். எழுதிக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் பட்டப்பெயரும் மெல்ல மெல்ல விட்டுப்போயிற்று. பழைய ஆட்கள் சிலர் வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு மழை நாளில், பஸ் நிறுத்தத்தின் கூரைக்குக் கீழே ஒதுங்கியவள், பக்கத்தில் நிற்பது யார் என்று பார்த்துத் திடுக்கிட்டாள். அந்தத் தாய். கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடப் பையோடு அந்தப் பெண் குழந்தை. முன்பல் இரண்டு விழுந்திருந்தது. விலகிப் போகலாமென்றால் வெளியே கொட்டுகிற மழை. தாயும் அவளைப் பார்த்துவிட்டாள். ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான்.

குழந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. "யாரும்மா இவங்க?"

"ஆஸ்பத்திரியில வேலை செய்யறவங்க."

"நமக்குத் தெரிஞ்சவங்களா?"

தாய் கொஞ்சம் யோசித்தாள். "தெரியும்" என்றாள்.

பஸ் வந்தது. குழந்தை முதலில் தாவி ஏறிற்று. தாய் பின்னால் ஏறினாள், திரும்பிப் பார்க்கவில்லை. அளவுக்காரி ஏற வேண்டிய பஸ்ஸும் அதுதான். அவள் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே புருஷனிடம் சொன்னாள்.

"ஏதாவது பேசினாளா?" என்று கேட்டார் அவர்.

"பேசல. ஆனா குழந்தைகிட்ட ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டா போலிருக்கு. என்னைப் பாத்து அது சிரிச்சுது."

"நல்லதுதானே?"

அவள் துண்டை உதறிக் கொடியில் போட்டாள். அந்தச் சிரிப்பைத் திரும்பச் சிரிக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டதை அவரிடம் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய் விளக்கைப் போட்டாள்.